வெப்பக் குளியலும் உடலின் உரிமையும்

நம் மதரஸாக்களில் ஃபிக்ஹு நூல்களை ஓதும் மாணவர்கள், தொழுவது மக்ரூஹ் எனப்படும் இடங்களின் வரிசையில் 'ஹம்மாம்' என்னும் சொல்லைக் காண்பார்கள். 'குளிக்கும் இடம்' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம்.

முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். "ஹஜ்ரத், வாரந்தோறும் சவுனாக் குளியல் செய்கிறேன். இரத்த அழுத்தத்திற்கு அது நல்லதாம். அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி. என் உள்ளத்திலோ அச்சம். அவருக்கு நான் அளித்த விடையே இக்கட்டுரை.

ஹம்மாமும் சவுனாவும்

வெப்பக் குளியல் முஸ்லிம் உலகிற்குப் புதிதன்று. உரோமர்களின் குளியல் கூடங்களை அடியொற்றி எழுந்தவை ஹம்மாம்கள். ஜோர்தான் நாட்டுப் பாலையில் நிற்கும் குஸைர் அம்ரா மாளிகையின் குளியல் அறைகள், உமையாக்கள் காலத்தில் கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. கட்டடக் கலை மேதை சினான் 1584-இல் இஸ்தான்புல்லில் அமைத்த செம்பர்லிதாஷ் ஹம்மாம் நானூறு ஆண்டுகளைக் கடந்து நிலைத்திருக்கிறது.

ஹம்மாமில் ஈரம் மிகுதி, வெப்பம் மிதம். பின்லாந்து நாட்டின் சவுனாவோ வேறு வகை. மரப்பலகைகளால் ஆன சிறு அறை. அடுப்பின்மேல் சூடேறிய கற்கள். அவற்றின்மீது அவ்வப்போது தெளிக்கப்படும் நீர். அறையின் வெப்பம் பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் சவுனாக்கள் சுமார் 30 லட்சம் என்பர். முற்காலத்தில் அங்கே குழந்தைகள் பிறந்ததும், இறந்தோரின் உடல்கள் கழுவப்பட்டதும் சவுனாவில்தான். தேவாலயத்தில் இருப்பதுபோல் சவுனாவிலும் அமைதி காக்க வேண்டும் என்பது அம்மக்களின் முதுமொழி. 2020-இல் யுனெஸ்கோ இப்பழக்கத்தை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

உடலில் நிகழ்வது என்ன?

வெப்பம் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. நிமிடத்திற்கு 100 முதல் 150 வரையும் துடிப்பு உயரக்கூடும். இது விரைந்து நடப்பதற்கு ஒப்பான உழைப்பாகும். ஒரே அமர்வில் அரை லிட்டர் அளவு வியர்வை வெளியேறுவதும் உண்டு. தசைகள் தளர்கின்றன, மனம் ஓய்வடைகிறது.

கிழக்குப் பின்லாந்தில் 42 முதல் 60 வயதுக்குட்பட்ட 2315 ஆண்களை மருத்துவ ஆய்வாளர்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முடிவுகள் 2015-இல் வெளிவந்தன. வாரம் ஒருமுறை சவுனா சென்றவர்களோடு ஒப்பிடுகையில், வாரம் 4 முதல் 7 முறை சென்றவர்களிடம் திடீர் இதய மரணம் 63 விழுக்காடு குறைவாக இருந்தது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணம் 40 விழுக்காடு குறைவு. பெண்களையும் சேர்த்து 2018-இல் வெளிவந்த ஆய்வும் இதய நோய் மரணங்கள் குறைந்திருப்பதையே காட்டியது. உயர் இரத்த அழுத்தம் புதிதாகத் தோன்றுவதும் குறைவு என்பதை 2017-ஆம் ஆண்டு ஆய்வொன்று தெரிவித்தது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இவை மக்களின் வாழ்க்கையைக் கவனித்துப் பெற்ற முடிவுகள். உடல்நலம் உடையவர்களே அடிக்கடி சவுனா செல்லக்கூடும். ஆகவே நன்மை முழுவதும் வெப்பத்தால் மட்டுமே விளைந்தது என அறுதியிட இயலாது. மாத்திரைக்கு மாற்றாகச் சவுனாவைக் கொள்ளுமாறு இவ்வாய்வுகளில் எதுவும் கூறவில்லை.

மிகையின் விலை

பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் சவுனாவில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் உலகப் போட்டி நடந்து வந்தது. 2010-இல் 110 டிகிரி வெப்பத்தில் நடைபெற்ற இறுதிச் சுற்றில் ஒருவர் உயிரிழந்தார். மற்றொருவர் கடும் தீக்காயங்களோடு மருத்துவமனை சேர்ந்தார். அத்துடன் போட்டியும் முடிவுக்கு வந்தது. நலம் தரும் அதே வெப்பம், அளவு கடந்தபோது உயிரைக் குடித்தது!

சவுனாவில் நேரும் சாவுகள் பலவற்றில் மதுவிற்குப் பங்குண்டு. மார்க்கம் தடுத்த ஒன்று அங்கும் அழிவையே தந்திருப்பது சிந்திப்போர்க்குப் படிப்பினையாகும். அண்மையில் மாரடைப்பு கண்டவர்களும், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்களும் இக்குளியலைத் தவிர்க்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உண்போருக்குச் சவுனாவிலிருந்து எழும்போது தலைசுற்றி மயக்கம் வரலாம். அவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேளாமல் செல்லலாகாது. இழந்த நீரைப் பருகி ஈடு செய்தல் கட்டாயம். எனவே நோன்பு வைத்திருக்கும் வேளையில் தவிர்ப்பதே நலம்.

மார்க்கம் வகுத்த எல்லை

பொதுக் குளியல் கூடத்தில் மானத்தை மறைக்கும் ஆடையோடுதான் நுழைய வேண்டும் என்பது நபிமொழிகளிலிருந்து நாம் பெறும் கட்டளை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' நூலின் தூய்மைப் பகுதியில் ஹம்மாமின் ஒழுக்கங்களை விரித்துரைக்கிறார்கள். பார்வையைத் தாழ்த்துதல், நீரை வீணாக்காதிருத்தல் ஆகியவற்றோடு, அந்த வெப்பத்தில் நரகின் வெப்பத்தை நினைத்துப் பார்க்கவும் தூண்டுகிறார்கள். உடலைப் பேணும் இடத்திலும் உள்ளம் விழித்திருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

இடைவிடாது நோன்பு வைத்து, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அழைத்து, உடலுக்கும் உரிமை உண்டு என்பதை உணர்த்தினார்கள். வணக்கத்திலேயே மிகை ஆகாதெனில், குளியலில் மிகை எங்ஙனம் ஆகும்? உடல், வல்ல நாயன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்குச் சவுனாவின் இதமும் தரலாம்; மருந்தையும் மறுக்கலாகாது.

இதனைக் கேட்ட என் மாணவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "நாளையே மருத்துவரைப் பார்க்கிறேன், ஹஜ்ரத்" என்றார். அடுத்த வாரம் ஜும்ஆவுக்கு வந்தபோது, மீண்டும் மாத்திரை உண்ணத் தொடங்கிவிட்டதாகக் கூறினார். சவுனாவை விடுமாறு நான் அவரிடம் சொல்லவில்லை. மருத்துவர் அனுமதிக்கும் அளவில் அவர் செல்லட்டும்.

உடல்நலத்தையும், அதனை அளவறிந்து பேணும் அறிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.