கல் எடுத்த பள்ளத்தில் கொம்பன் ஆந்தை

குவாரியில் கல் தீர்ந்துபோனால் அந்தப் பள்ளத்தின் கதி என்ன? பெரும்பாலும் குப்பை கொட்டுவார்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தேங்கி, குளிக்கப் போகிற பிள்ளைகளைக் காவு வாங்கும். சென்னையில் மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலத்தில் மட்டும் கதை வேறு மாதிரி போயிருக்கிறது.

அங்கே சுமார் 320 ஹெக்டேர் காப்புக்காடு இருக்கிறது. வானுயர்ந்த மரங்களைத் தேடாதீர்கள். முள்ளும் புதரும்தான். விளாத்திகுளத்துக்காரர்கள் பார்த்தால், 'அட, நம்மூர்க் காடு!' என்பார்கள். அதற்குள் கருங்கல் வெட்டிக் கைவிட்ட பழைய குவாரி ஒன்று. அந்தப் பாறைச் சுவரில் குடியிருப்பது கொம்பன் ஆந்தை.

தலையில் கொம்பு மாதிரி இரண்டு இறகுக் கொத்து, ஆரஞ்சு நிறக் கண்கள், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான உடம்பு. இவ்வளவு பெரிய பறவை கூடே கட்டுவதில்லை! பாறை விளிம்பில் வெறுந்தரையில் முட்டையிட்டு, சுமார் 33 நாள் அடைகாக்கிறது. குஞ்சுகள் ஆறு மாதம்வரை பெற்றோரை நம்பித்தான் இருக்கும். அதனால் நாய், நரி ஏற முடியாத செங்குத்துச் சுவர் வேண்டும். பக்கத்திலேயே எலி ஓடும் புதர்வெளியும் வேண்டும். சுவரைக் குவாரிக்காரர்களின் வெடி செய்து கொடுத்தது. புதர் ஏற்கெனவே இருந்தது.

பள்ளத்தில் நிற்கும் தண்ணீருக்கு மீன்கொத்தி வரும். மண்கரை இருந்தால் பஞ்சுருட்டானும் வளை தோண்டிக் குடியேறிவிடும்.

டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமிலும் சுரங்கம் தோண்டிய சுமார் 380 ஏக்கரில் 2010-ல் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா தொடங்கினார்கள். அந்த மலைக்கே உரிய செடிகொடிகளைத் தேடி நட்டார்கள், பறவைகள் திரும்பின. அது பல வருஷ உழைப்பு. ஆந்தைக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, சும்மா விட்டாலே போதும். நமக்குத்தான் அது கஷ்டம்! அழகுபடுத்துகிறோம் என்று புதரை வெட்டி, புல்தரை போட்டு, ராத்திரி முழுக்க விளக்கு எரியவிட்டால் அது எங்கே வேட்டையாடும்?

'ஆந்தை அலறினால் ஆகாது' என்று கல்லெறிகிறவர்கள் இன்னும் உண்டு. கரிசல் காட்டில் உளுந்தையும் பாசியையும் அழிக்கிற எலிதான் அதன் முக்கிய இரை என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ப் பழைய குவாரிப் பக்கம், பொழுது சாயும் நேரத்தில் 'பூ... போ...' என்று கனத்த குரல் கேட்டால் தள்ளி நின்றே கேளுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பாறை விளிம்பில் முட்டையோ குஞ்சோ இருக்கலாம். செல்போனோடு கிட்டே போகாதீர்கள்.