அரசு பஸ் மோதினால் கழகத்தின் மேல் கேஸ் போட முடியுமா?

"மோதினது கவர்ன்மெண்ட் பஸ். கவர்ன்மெண்ட் மேலயே எப்படிங்க கேஸ் போடறது?" விபத்துக்குப் பிறகு பல வீடுகளில் எழும் கேள்வி இது. இந்தத் தயக்கத்திலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பதில்: தாராளமாகப் போடலாம். போக்குவரத்துக் கழகமோ, மின் பகிர்மானக் கழகமோ, வீட்டு வசதி வாரியமோ, அதன் கவனக்குறைவால் உங்களுக்கு இழப்பு ஏற்பட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அரசு வேறு, கழகம் வேறு

நம் ஊர் போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனி சட்டப்படி பதிவான நிறுவனங்கள். முதலாளி அரசுதான்; ஆனால் சட்டத்தின் பார்வையில் கழகம் தனி நபர் மாதிரி. தன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். அதன் மேலும் வழக்குப் போடலாம்.

அரசுத் துறை மீது சிவில் கோர்ட்டுக்குப் போவதென்றால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி 2 மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அரசு கம்பெனிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் தனிச் சட்டத்தால் அமைந்த சில வாரியங்களுக்கு அந்தச் சட்டமே நோட்டீஸ் கேட்கலாம் என்பதால் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழகம் இருக்கட்டும், அரசே தப்ப முடியாது. ராஜஸ்தானில் அரசு ஜீப் மோதி ஒருவர் இறந்த வழக்கில், டிரைவரின் தவறுக்கு மாநில அரசு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே தீர்ப்பளித்தது.

பஸ் விபத்து என்றால்

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியிலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

தவறு யார் மீது என்று நிரூபிக்காமலே கேட்கும் வழியும் உண்டு. 164-ஆவது பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். டிரைவரின் தவறை நிரூபித்தால் வயது, வருமானம், குடும்பத்தில் நம்பியிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து அதிகத் தொகை கிடைக்கலாம். உங்கள் தரப்பிலும் தவறு இருந்தால் தொகை குறையும்.

தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லையா? நிறைவேற்று மனு போடலாம். கோர்ட் உத்தரவில் அரசு பஸ் ஜப்தி செய்யப்பட்ட செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். அது இந்த வழியில் நடப்பதுதான்.

கரண்ட் கம்பி என்றால்

மத்தியப் பிரதேசத்தில் 1997-ல், இரவில் சைக்கிளில் வந்த தொழிலாளி ஒருவர் ரோட்டில் கிடந்த மின்கம்பியால் உயிரிழந்தார். "யாரோ திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டதால் நடந்தது" என்றது மின்வாரியம். உச்ச நீதிமன்றம் 2002-ல் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்றது.

இத்தகைய வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகும். உயிரிழப்பு என்றால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உண்மைகளில் தகராறு இல்லாதபோது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம்.

சேவைக் குறைபாடு என்றால்

பணம் கட்டியும் வீடு ஒப்படைக்கவில்லை என்பது போன்ற புகார்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீட்டு வசதி அமைப்புகளும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் மொபைலிலேயே புகார் பதியலாம்.

உடனே செய்ய வேண்டியவை

• பஸ் எண், வழித்தடம், அறுந்த கம்பி, மின்கம்ப எண் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுங்கள்.
• போலீசில் புகார் கொடுங்கள். எப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பார்க்கலாம்.
• மருத்துவமனைச் சீட்டு, பில், சம்பளச் சான்று, டிக்கெட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.
• சமாதானம் பேச வந்தால், படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உதவி கிடைக்கும்.

இழப்பீடு யாரும் போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை. காலக்கெடுவுக்குள் கேளுங்கள்.