கடைக்கோடிக் கோளில் காவற்படை ஏன்?

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' (1951) நூலில், உலோக வளமற்ற டெர்மினஸ் என்னும் கடைக்கோடிக் கோள் ஒன்று வருகிறது. அத்தகைய கோளில் ஒரு விண்வெளிப் பேரரசு படை நிறுத்துமா? நிறுத்தினால் எதற்காக?

முதற்காரணம் தொலைவு. நம் பால்வழி மண்டலத்தின் குறுக்களவு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். ஒளியை விஞ்சும் கப்பல்களை ஆசிரியர் கற்பித்தாலும் (இயற்பியல் மாணவனாகிய நான் அதை மன்னித்துவிட்டேன்!), ஆபத்து நேர்ந்தபின் புறப்படும் படை காலங்கடந்தே சேரும். வீரர் முன்கூட்டியே அங்கிருத்தல் வேண்டும்.

அசிமோவுக்குத் தூண்டுகோல் ரோமப் பேரரசின் வீழ்ச்சி. அந்த ரோமையே பாருங்கள். கி.பி. 122-இல் ஹேட்ரியன் பிரிட்டனின் வடக்கே 117 கிலோமீட்டர்ச் சுவரை எழுப்பத் தொடங்கினான். அதில் ஏறக்குறைய மைலுக்கொரு வாயில்! தடுப்பதைவிட, வருவோர் போவோரைக் கண்காணிப்பதே நோக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காவல் நின்றவர் யார்? சுவருக்கு முன்பே அங்கிருந்த விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் மர ஏடுகள் கிடைத்து வருகின்றன. அங்கிருந்தோரில் பலர் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளில் திரட்டப்பட்டவர்கள். ரோமுக்குப் பணிந்த ஓர் இனம், மற்றோர் இனத்துக்குக் காவல்! சொந்த மண்ணில் படையாக இருந்தால் கலகம் செய்யக்கூடுமே.

ஓர் ஏடு, யாரோ ஒருவனுக்குக் காலுறைகளும் இரண்டு சோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியதைச் சொல்கிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரிக்கு வந்த எனக்கு, ஹேட்ரியனைவிட அந்தக் காலுறைக்காரனே நெருக்கமாகத் தெரிகிறான்.