உலோகத்துள் உறையும் வாயு

1911 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள மான்செஸ்டர் என்னும் ஊரின் அருகே, பயணியர் தொடர்வண்டி ஒன்று பாலத்தின்மீது தடம்புரண்டது. 29 பேர் உயிரிழந்தனர். உடைந்த தண்டவாளத்தை ஜேம்ஸ் ஹோவர்டு என்னும் பொறியாளர் ஆராய்ந்தார். வெளியிலிருந்து நோக்குவார் கண்ணுக்குப் புலப்படாத வகையில், தண்டவாளத்தின் தலைப்பகுதிக்குள்ளேயே ஒரு விரிசல் வளர்ந்திருந்தது. வண்டிகள் மேலே ஓட ஓட அது உள்ளுக்குள் அகன்றுகொண்டே வந்து, ஒருநாள் முறிவாக முடிந்தது. இத்தகைய விரிசல்களுக்கு வித்திடுவது எது என்னும் வினாவுக்குப் பின்னாளில் கிடைத்த விடை, பலரும் எதிர்பாராதது. அது தனிமங்களுள் மிகவும் இலேசான ஹைட்ரஜன்.

கல்லினும் வலிய எஃகுக்குள் வாயு எவ்வாறு புகும்? எஃகாலையில் உலையிலிடும் பழைய இரும்பில் துரு இருக்கும். துருவில் ஈரம் இருக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்த ஈரம் உருகிய எஃகைத் தொட்டவுடன் சிதைந்து, ஹைட்ரஜன் அணுக்கள் எஃகில் கரைகின்றன. ஏறத்தாழ 1600 டிகிரி செல்சியஸில் உருகிய இரும்பு, வளிமண்டல அழுத்தத்திலுள்ள ஹைட்ரஜனில் பத்து இலட்சத்தில் 25 பங்கு வரை கரைத்துக்கொள்ள வல்லது. ‘பத்து இலட்சத்தில் ஒரு பங்கு’ என்பதை ஆய்வகங்களில் ‘பிபிஎம்’ என்பர். எஃகு உறைந்து குளிரும்போது இந்தக் கரைதிறன் பெரிதும் குறைந்து, அறை வெப்பநிலையில் ஒரு பிபிஎம் அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

மீன் சந்தைக்கு வரும் பெரிய பனிக்கட்டிப் பாளத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஓரங்கள் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் வெளுத்துக் கலங்கியிருக்கும். நீரில் கரைந்திருந்த காற்று, உறையும் பனியில் இடமின்றி நடுவே ஒதுங்கிக் குமிழிகளாகச் சிக்கிக்கொண்டதே அவ்வெண்மை. எஃகிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. ஆனால், பனியின் குமிழி தீங்கற்றது. எஃகின் நுண்ணிய இடைவெளிகளில் ஒதுங்கும் ஹைட்ரஜன் அணுக்களோ இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறுகளாகின்றன. மூலக்கூறான பின்பு உலோகத்தினூடே திரும்ப ஊர்ந்து வெளியேற அவற்றால் இயலாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வார்ப்பு குளிர்ந்து சில மணி நேரமோ சில நாள்களோ கழித்து, உள்ளே மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றும்.

எவ்வளவு ஹைட்ரஜன் இருந்தால் ஆபத்து? இந்திய இரயில்வேயின் தண்டவாளத் தர விதி, உருகிய எஃகில் 1.6 பிபிஎம் அளவுக்குமேல் ஹைட்ரஜன் இருத்தலாகாது என்கிறது. இவ்வெண் எத்துணைச் சிறியது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையும் 13 மீட்டர் நீளமும் உடைய தண்டவாளத்தின் நிறை 780 கிலோகிராம். அதில் 1.6 பிபிஎம் என்பது ஏறத்தாழ 1.25 கிராம் ஹைட்ரஜன். திட்ட வெப்ப அழுத்த நிலையில் அதன் பருமன் சுமார் 14 லிட்டர். வீட்டிலுள்ள தண்ணீர்க் குடம் ஒன்று கொள்ளும் அளவு. ஆய்வகத்துக்கு முழுத் தண்டவாளமும் வருவதில்லை. அங்கே வருவது ஒரு கிராம் எஃகு. அதிலுள்ள ஹைட்ரஜன் 1.6 மைக்ரோகிராம். அதனை அளந்து சொல்வதற்கென அமைந்ததே உலோகங்களில் வாயுக்களை அளக்கும் பகுப்பாய்வுக் கருவி.

கருவியின் உள்ளே

கருவியின் அடிப்படை எளியது. மாதிரியை உருக்க வேண்டும். வெளிவரும் வாயுவை மற்றொரு தூய வாயுவால் அடித்துச் செல்ல வேண்டும். வழியில் வேண்டாதவற்றை நீக்கி, எஞ்சியதை அளக்க வேண்டும்.

உருக்கும் கலம், விரல் நுனியளவேயான கிராஃபைட் மூசை. பொற்கொல்லர் பொன்னை உருக்கும் சிறு கலத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர் இது. இந்நாளைய ஆய்வகத்துக்கும் அப்பெயரே பொருந்துகிறது. மேலும் கீழுமாக இரு செப்பு மின்முனைகள் மூசையை இறுகப் பிடித்துக்கொள்ள, அதனூடே பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. சில நொடிகளில் மூசை 2500 டிகிரிக்கும் மேலாகச் சூடேறிவிடும். மின்முனைகளைச் சுற்றி ஓடும் குளிர்நீர் நின்றுபோனால் கருவி தாங்காது.

உருகிய மாதிரியிலுள்ள ஆக்சிஜன், மூசையின் கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளிவருகிறது. நைட்ரஜன் நைட்ரஜனாகவே வருகிறது. இவற்றை ஹீலியம் சுமந்து செல்லும். சூடான காப்பர் ஆக்சைடின் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாக மாறும். அகச்சிவப்புக் கதிரை அது எவ்வளவு உட்கவர்கிறது என்பதைக்கொண்டு ஆக்சிஜனின் அளவு கணிக்கப்படும். நைட்ரஜனுக்கு இம்முறை உதவாது. இரண்டு ஒத்த அணுக்களால் ஆன அம்மூலக்கூறு அதிரும்போது அதன் இருமுனைத் திருப்புத்திறன் மாறுவதில்லை. ஆகையால் அகச்சிவப்புக் கதிர் அதனைக் கண்டுகொள்ளாது கடந்துவிடும். எனவே, சோடியம் ஹைட்ராக்சைடு கார்பன் டைஆக்சைடையும், மெக்னீசியம் பெர்குளோரேட் நீராவியையும் பிடித்துக்கொண்ட பின்பு, ஹீலியத்தோடு எஞ்சிநிற்கும் நைட்ரஜனை வெப்பக் கடத்துத்திறனால் அளக்கின்றனர். ஹீலியம் நைட்ரஜனைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சூடான மெல்லிய கம்பியொன்றின்மேல் ஹீலியம் மட்டும் ஓடும்போது கம்பி ஒரு வெப்பநிலையில் நிற்கும். நைட்ரஜன் கலந்துவந்தால் கம்பி சற்றே கூடுதலாகச் சூடேறும். அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை உணர்வது வீட்ஸ்டோன் சமனச்சுற்றாகும்.

ஹைட்ரஜனுக்குத் தனியே ஓர் ஓட்டம் வேண்டும். ஹைட்ரஜனும் ஹீலியமும் வெப்பத்தைக் கடத்துவதில் நெருங்கிய உறவினர். ஒன்றில் மற்றொன்றைத் தேடுவது கடினம். ஆதலால் அங்கே ஹீலியத்துக்குப் பதிலாக ஆர்கானையோ நைட்ரஜனையோ ஓடவிடுகின்றனர். ஹைட்ரஜனின் கடத்துத்திறன் ஆர்கானைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு.

இயக்கும் கை

கருவி எத்துணை நுட்பமானதாயினும் தன்னிடம் இட்டதை மட்டுமே அது அளக்கும். இட்டது எஃகின் ஹைட்ரஜனா, விரலின் வியர்வையா என்று அது பிரித்தறியாது. நீரின் நிறையில் ஒன்பதில் ஒரு பங்கு ஹைட்ரஜன் என்பதை அறிவீர்கள். மாதிரியின்மேல் 14 மைக்ரோகிராம் நீர் ஒட்டியிருந்தாலே ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் ஹைட்ரஜன் கூடிவிடும்; 1.6 பிபிஎம் உள்ள நல்ல எஃகு 3.2 பிபிஎம் உள்ளதாகத் தோன்றும். ஆகவே ஆய்வாளர், மாதிரியின் மேற்பரப்பைத் தூய அரத்தால் அராவி, அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, அதன்பின் இடுக்கியால் மட்டுமே எடுப்பார். அராவும்போதும் மாதிரி சூடேறலாகாது. எண்ணெய் படிந்த அரம், வேறோர் உலோகத்தை அராவிய அரம் ஆகியன இங்கே வேண்டா.

தூய்மைக் குறைவால் அளவு கூடும். நல்ல எஃகு ஒதுக்கப்படும். அது பொருளிழப்பு. இதற்கு நேர்மாறான பிழை ஒன்றுண்டு. நான் பெரிதென எண்ணுவது அதனையே. 1875 ஆம் ஆண்டில் வில்லியம் ஜான்சன் என்பவர், அமிலத்தில் தோய்த்த இரும்புக் கம்பி எளிதில் முறிவதைக் கண்டார். முறிந்த முகத்தை ஈரப்படுத்தியபோது அதிலிருந்து குமிழிகள் நுரைத்துக் கிளம்பின. அதே கம்பியைச் சில நாள்கள் வெறுமனே வைத்திருந்தால் பழைய உறுதி திரும்பிவிட்டது. ஹைட்ரஜன் அறை வெப்பநிலையிலேயே இரும்பை விட்டு மெல்ல வெளியேறிவிடும் என்பதே இதன் பொருள். பெரிய வார்ப்பின் நடுவிலுள்ள ஹைட்ரஜனுக்கு வெளிப்பரப்பு தொலைவு. சுண்டுவிரல் பருமனுள்ள மாதிரியிலோ அது மிக அருகில். மேசைமீது கிடந்த மாதிரி தன் ஹைட்ரஜனை இழந்துகொண்டிருக்க, உலையில் வார்த்த எஃகு அதனைத் தன்னுள் வைத்துக்கொண்டே இருக்கும். கருவி குறைந்த எண்ணைக் காட்டும். தீய எஃகு நல்லதென வெளியேறும்.

இதனால்தான் உருகிய எஃகிலிருந்து எடுத்த மாதிரியை உடனே நீரில் அமிழ்த்திக் குளிர்வித்து, −196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் இட்டுவைக்கின்றனர். அக்குளிரில் ஹைட்ரஜன் அசைவற்றுக் கிடக்கும். சோதனைக்குச் சற்றுமுன் எடுத்து, மேலே படியும் உறைபனி மாதிரியில் ஈரமாகத் தங்கிவிடாதபடி அசிட்டோனில் இட்டு வெப்பநிலைக்குக் கொணர்ந்து, உலர்த்தி, விரைந்து எடைபோட வேண்டும். உருகிய எஃகிலேயே ஆய்கருவியை அமிழ்த்தி அளக்கும் முறைகளும் இன்று உள்ளன. எனினும் திண்மப் பொருளின் ஆய்வுக்கு இவ்வழியே.

கருவியை ஆயத்தம் செய்தலுக்கும் ஒரு முறை உண்டு. வாயுக் குழாய்களில் கசிவில்லை என்பதை உறுதிசெய்து, மின்முனைகளில் படிந்த கிராஃபைட் தூளைத் தூரிகையால் துடைத்து, வேதிப்பொருள்கள் கட்டிதட்டிப் போயிருந்தால் மாற்ற வேண்டும். அடுத்து வெற்றுச் சோதனை. மாதிரி ஏதுமின்றி மூசையை மட்டும் சூடேற்றினாலும் சிறிதளவு வாயு வெளிவரும். கிராஃபைட் நுண்துளைகள் நிறைந்தது. காற்றை ஈர்த்து வைத்திருக்கும். மாதிரி விழுமுன்னர், ஆய்வு வெப்பநிலையினும் மிகுந்த வெப்பநிலையில் மூசையைக் காய்ச்சி அவ்வாயுவை விரட்ட வேண்டும். அதற்குப் பின்னும் எஞ்சும் அளவை, பின்வரும் ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் கழிக்க வேண்டும்.

பின்னர் அளவுத்திருத்தம். வாயுவின் அளவு முன்பே துல்லியமாக அறியப்பட்டுச் சான்றளிக்கப்பட்ட உலோகத் துண்டுகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அவற்றைக் கருவியில் இட்டு, அது காட்டும் எண் சான்றிதழின் எண்ணோடு பொருந்துமாறு திருத்துவர். 200 பிபிஎம் அளவுள்ள துண்டால் திருத்திய கருவி 2 பிபிஎம் அளவைச் சரியாகச் சொல்லும் என நம்புவது, நெல் மூட்டை நிறுக்கும் தராசில் குண்டுமணி நிறுப்பது போன்றது. இத்தனையும் முடிந்தபின் நிகழும் உண்மையான அளவீட்டுக்கு இரண்டு மூன்று நிமிடங்களே தேவை.

டைட்டானியம் தரும் படிப்பினை

எல்லா உலோகமும் எஃகுபோல் எளிதில் இணங்குவதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள இல்மனைட், டைட்டானியத்தின் தாது. இவ்வுலோகத்துக்கு ஆக்சிஜன் பகை மட்டுமன்று, அளவோடு இருந்தால் வலிமையும் ஆகும். கலப்பற்ற டைட்டானியத்தின் முதல் தரத்தில் ஆக்சிஜன் 0.18 விழுக்காடு வரையும், நான்காம் தரத்தில் 0.40 விழுக்காடு வரையும் இருக்கலாம். முன்னது வளைந்து கொடுக்கும். பின்னது வலிமை மிக்கது. உடலுக்குள் பொருத்தும் மூட்டுகளுக்கான ஒரு டைட்டானிய உலோகக்கலவையில் உச்சவரம்பு 0.13 விழுக்காடு.

டைட்டானியத்தைத் தனியே மூசையிலிட்டால் அது கிராஃபைட்டோடு கூடிக் கார்பைடாகக் கெட்டிப்பட்டு, ஆக்சிஜனின் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைவைத்துக்கொள்ளும். கருவியில் எந்த எச்சரிக்கையும் தோன்றாது. குறைந்த எண் ஒன்று அமைதியாகத் திரையில் வரும். ஆகவே மாதிரியை நிக்கல் கூட்டினுள் வைத்து இடுகின்றனர். உருகிய நிக்கலில் டைட்டானியம் கரைந்து நீர்த்துப்போக, வாயு தடையின்றி வெளிப்படும். நிக்கலிலும் சிறிது ஆக்சிஜன் உண்டு. வெற்றுச் சோதனையை நிக்கல் கூட்டையும் சேர்த்தே செய்ய வேண்டுவது அதனாலேயே.

எண்ணைப் படித்தல்

வேதியியல் செய்முறை வகுப்பில் தரம்பார்த்தலின்போது ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள். மூன்றாவது அளவீட்டைச் செய்யாமலே முந்தைய எண்ணைப் பார்த்து எழுதிவிடும் மாணவர் எல்லா ஆண்டும் ஓரிருவர் இருப்பர். பள்ளியில் அதனால் இழப்பு ஒன்றிரண்டு மதிப்பெண்ணே.

எஃகாலையின் ஆய்வகத்தில் ஒரே வார்ப்பின் இரு மாதிரிகள் 2.4 என்றும் 0.6 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். சராசரி 1.5; வரம்பு 1.6. தேர்ச்சி எனக் கையெழுத்திட்டு அனுப்பிவிடலாம் போலத் தோன்றும். ஆனால், இவ்விரு எண்களும் ஒரே பொருளைப் பற்றி நான்கு மடங்கு வேறுபட்டுப் பேசுகின்றன. ஒன்றில் ஈரம் ஒட்டியிருக்கலாம். மற்றொன்று குளிர்கலத்துக்கு வெளியே காத்துக் கிடந்திருக்கலாம். சராசரி இவ்விரு ஐயங்களையும் மூடிமறைக்குமேயன்றித் தீர்க்காது. ஆய்வாளர் முதலில் நியமத் துண்டு ஒன்றை ஓட்டிக் கருவி சரியாக உள்ளதா என்று பார்ப்பார். அடுத்து வெற்றுச் சோதனை. அதன்பின் திரவ நைட்ரஜனில் எஞ்சியிருக்கும் மூன்றாம் மாதிரி. அது 2.3 எனக் காட்டினால் எஃகு அப்படியே வெளியேறாது. சூடு தணியாத எஃகுப் பாளங்களை மூடிய குழியில் அடுக்கி, ஹைட்ரஜன் மெல்ல வெளியேறும்படி நாள்கணக்கில் குளிரவிடுவர். மெதுவாகக் குளிர்விக்கும் இம்முறையே 1930களில் தண்டவாளங்களைப் பெருமளவு காத்தது. 0.6 என்று வந்த அளவைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் வழக்கமில்லை. அம்மாதிரியை எடுத்த நேரம், சோதித்த நேரம், இடையில் அது இருந்த இடம் ஆகிய மூன்றும் அவ்வெண்ணின் அருகிலேயே எழுதப்படும்.