கால் மணி நேரத் தொலைவில் ஒரு தலைநகர்

இலண்டனில் வாழ்கிறோம் என்று ஊருக்குச் சொல்கிறோம். ஆனால் எம்மவரிற் பலர் அறிந்த இலண்டன் மிகச் சிறியது. வேலைத்தலம், பிள்ளைகளின் பாடசாலை, கடைத்தெரு, கோயில், வழக்கறிஞரின் அலுவலகம், விசா அலுவலாகச் சென்று காத்திருந்த குறொய்டன் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தால் மட்டும் ஆற்றங்கரைக்குச் சென்று பாலத்தின் முன் நின்று படம் எடுத்துத் திரும்புகிறோம். ஃபாரஸ்ட் கேட்டிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருபது, முப்பது ஆண்டுகள் குடியிருந்தும் நகரின் நடுவே ஒரு முழு நாளைக் கழித்திராத குடும்பங்கள் உண்டு.

நேரமுமில்லை, பணமுமில்லை என்பது நியாயமான விடையே. இரண்டு வேலை பார்ப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை நித்திரைக்கே போதாது. எனினும் இத்தலைநகரை உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் விட்டுவிட முடியாத காரணம் ஒன்று எமக்குண்டு. எமது நாட்டின் கடந்த இருநூறு ஆண்டுக் கதையிற் பல பக்கங்கள் இங்கேதான் எழுதப்பட்டன. அவற்றின் சான்றுகளும் இங்கேதான் இருக்கின்றன.

செல்லும் வழி

ஃபாரஸ்ட் கேட் என்ற பெயரே ஒரு வழியின் பெயர். இன்றைய வூட்கிரேஞ்ச் வீதியின் குறுக்கே அன்று ஒரு படலை இருந்தது. வான்ஸ்டெட் வெளியில் மேய்ந்த கால்நடைகள் பெருந்தெருவுக்குள் புகாதிருக்க அது போடப்பட்டது. அந்தப் பெருந்தெருவே இன்றைய றொம்ஃபோர்ட் வீதி. உரோமர் இலண்டனையும் கொல்செஸ்டரையும் இணைத்து அமைத்த பாதையை ஒட்டியே அது செல்கிறது.

புகையிரத நிலையம் முதன்முதலில் 1840இல் திறக்கப்பட்டது. எலிசபெத் லைன் 2022 மே மாதம் தொடங்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலிருந்து எமது நிலையத்து வண்டிகள் நகரின் அடியாக நேரே ஓடுகின்றன. ஸ்ட்ராட்ஃபோர்ட், வைட்சப்பல் கடந்து லிவர்பூல் ஸ்ட்ரீட்டை அடையக் கால் மணி நேரம் போதும். பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நால்வர் வரை, கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் இலவசமாகப் பயணஞ் செய்யலாம். செலவை இன்னும் குறைக்க விரும்புவோர் றொம்ஃபோர்ட் வீதியில் 25ஆம் இலக்க பஸ்ஸில் ஏறலாம். மெதுவாகச் சென்றாலும் அது நகரின் நடுவே கொண்டுபோய் இறக்கும்.

தேயிலைத் தெரு

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கித் தெற்கே நடந்தால் லெடன்ஹோல் வீதி வரும். அங்கே உருக்குக் குழாய்கள் வெளியே தெரிய நிற்கும் லொயிட்ஸ் கட்டடம் 1986இல் திறக்கப்பட்டது. அந்த நிலத்தில் 1861 வரை நின்றது கிழக்கிந்தியக் கொம்பனியின் தலைமையகம். 1795இல் யாழ்ப்பாணத்தையும் மறு ஆண்டு கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தபோது, எமது கரையோரம் சென்னையிலிருந்து ஆளப்பட்டது கொம்பனியின் பெயராலேயே. 1802இல்தான் அது முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று.

இன்னும் சற்றுத் தூரம் நடந்தால் மின்சிங் லேன் என்ற சிறு தெரு. உலகத் தேயிலை வாணிகத்தின் மையமாக நெடுங்காலம் விளங்கியது இதுவே. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலையில் 23 இறாத்தல் 1873இல் இலண்டனுக்கு வந்தது. அதன்பின் மலையகத் தமிழரின் உழைப்பு பெட்டி பெட்டியாக இந்நகருக்கு வந்து ஏலம்போயிற்று. 1679இல் தொடங்கிய இலண்டன் தேயிலை ஏலம் 1998 ஜூன் மாதம் நிறுத்தப்பட்டது. இன்று அத்தெருவிற் கண்ணாடி அலுவலகங்களே தெரிகின்றன. கொழுந்து பறித்தவர்களை நினைவூட்டும் கடமை எம்முடையது.

அங்கிருந்து சில நிமிட நடையில் இலண்டன் கோட்டை. உள்ளே செல்லக் கட்டணம் பெரிது. ஆனால் டவர் ஹில் நிலையத்தருகே நிற்கும் உரோமர் கால மதிலையும், 1894இல் திறக்கப்பட்ட டவர் பாலத்தையும் காசின்றியே பார்க்கலாம்.

கிழக்குக் கரையின் தாரை

மீண்டும் எலிசபெத் லைனில் ஏறி டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கினால், சிறு நடைத் தூரத்தில் பிரித்தானிய நூதனசாலை. பொதுக் காட்சிக் கூடங்களுக்குக் கட்டணமில்லை. பார்க்கவேண்டியவை எண்ணற்றவை, ஆயினும் நாம் முதலிற் செல்லவேண்டியது 33ஆம் கூடத்துக்கு. சோழர் காலத்து நடராசர் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார். அதே கூடத்தில், பொன்முலாம் பூசிய வெண்கலத்தில் 143 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கிறது எட்டாம் நூற்றாண்டளவைச் சேர்ந்த தாரையின் சிலை. மகாயான பௌத்தத்தின் தெய்வமான இவள், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டவள் என்று நூதனசாலையின் பதிவு கூறுகிறது. 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ஆளுநர் றொபேட் பிறவுண்றிக் 1830இல் இதனை நூதனசாலைக்கு வழங்கினார்.

அவ்வாறே கொண்டுவரப்பட்டு வின்சர் மாளிகையில் இருந்த கண்டி அரசரின் சிம்மாசனம் 1934இல் திருப்பி அளிக்கப்பட்டது. தாரை இன்னும் இங்கேதான். அவளும் புலம்பெயர்ந்தவளே. ஆனால் அவளிடம் யாரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை.

எரியாத ஏடுகள்

பார்வையிடும் இடங்களின் பட்டியலில் வழக்கமாக இடம்பெறாத ஓரிடத்தையும் சேர்க்க விரும்புகிறோம். ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து மில்ட்மே லைனில் ஏறினால் மாறாமலே கியூ கார்டன்ஸ் போகலாம். பூங்காவுக்குச் செல்பவர் கூட்டம் ஒரு பக்கம் திரும்ப, நாம் தேசியச் சுவடிக் கூடத்தின் பக்கம் திரும்புவோம். அங்கே குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் 54ஆம் இலக்கத் தொகுதி முழுவதும் இலங்கை பற்றியது. 1798 முதல் கொழும்பிலிருந்து ஆளுநர்கள் எழுதிய கடிதங்கள் அதிலே கட்டுக்கட்டாக உள்ளன. வெவ்வேறாக ஆளப்பட்ட பகுதிகளைக் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1833இல் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்த காலமும் அதில் அடங்கும். மூலப் பத்திரங்களைப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். அடையாளத்தையும் முகவரியையும் உறுதிப்படுத்தினால் அது இலவசமாகவே கிடைக்கும்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களையும் கிடைத்தற்கரிய ஏடுகளையும் தீக்குக் கொடுத்தவர்கள் நாம். அந்த இழப்பை எதுவும் ஈடுசெய்யாது. கியூவில் இருப்பவையோ ஆண்டவர்களின் கையால் எழுதப்பட்டவை; எம்மவரின் குரல் அவற்றின் ஓரங்களிலேயே கேட்கும். ஆயினும் எரியாமல் எஞ்சியவற்றைக் கற்றறிய எம் பிள்ளைகள் முன்வராவிடின், எமது வரலாற்றைப் பிறர் சொல்லவே நாம் கேட்டிருக்க நேரும். அவர்களுக்கு அந்நாட்டு மொழி கைவந்திருக்கிறது. வாசற்கதவும் திறந்திருக்கிறது. அழைத்துச் செல்லும் கை ஒன்றே வேண்டியது.

அடுத்த பாடசாலை விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். புட்டையோ இடியப்பத்தையோ பொதிசெய்து கொள்ளுங்கள்; நகரத்து உணவுச் செலவு மிஞ்சும். வீட்டிலிருக்கும் முதியவர்களையும் விட்டுவிடாதீர்கள். தாரையின் முன்னுள்ள ஆங்கில அட்டையைப் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே என்னென்ன ஊர்கள் உண்டென்பதை அம்மம்மா சொல்லட்டும்.