வில்லைத் திருப்பிக் கொடுத்தவன்

கிரேக்க நாடகங்களில் அறத்துணிவு என்றவுடன் அந்திகனியின் பெயரே நினைவுக்கு வரும். மன்னன் ஆணையை மீறி உடன்பிறந்தானை அடக்கம் செய்த அந்நங்கை, தன் நெறியில் ஒரு கணமும் ஐயுறவில்லை. மாணவர்களே, இன்று நான் சொல்லப்போவது முதலில் வழுவிப் பின்னர்த் திரும்பி வந்த ஓர் இளைஞனைப் பற்றி. மாவீரன் அக்கிலீசின் மகனாகிய நியாப்டாலமஸ் அவன்.

சோஃபக்ளீஸ் தம் ‘ஃபிலாக்டீட்டஸ்’ நாடகத்தை ஏதென்ஸ் நகரில் கி.மு. 409-இல் அரங்கேற்றி முதற்பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது 85-ஐக் கடந்துவிட்டது. கதை பழையது. டிராய் நகர்மீது படையெடுத்துச் சென்ற கிரேக்கர், பாம்பு தீண்டிக் காலில் ஆறாப் புண் கொண்ட ஃபிலாக்டீட்டசை, அவன் அலறலும் புண்ணின் நாற்றமும் பொறாமல் லெம்னாஸ் தீவில் விட்டுச் சென்றனர். பத்தாண்டு கழித்து, அவனிடமுள்ள ஹெராக்ளீசின் வில் இல்லாமல் டிராய் வீழாதென்று தெரிந்ததும் ஒடிசியஸ் அவனைத் தேடி வருகிறான். ஈஸ்கிலசும் யூரிப்பிடீசும் இக்கதையை முன்னரே நாடகமாக்கியிருந்தனர். அவற்றில் நியாப்டாலமஸ் இல்லை. அவனை இக்கதைக்குள் கொணர்ந்தவர் சோஃபக்ளீஸ். நாடகத்தின் உயிரே அவன்தான்.

ஒடிசியசை ஃபிலாக்டீட்டஸ் அறிவான். கண்டால் அம்பெய்து கொல்வான். ஆகவே முகமறியாத இளைஞனைப் பொய் சொல்ல ஏவுகிறான் ஒடிசியஸ். இளைஞன் முதலில் கூசுகிறான். டிராயை வென்ற புகழ் உனக்கே என்றதும் இசைகிறான். வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம், படை முழுவதன் நலனுக்காகத்தானே ஒடிசியஸ் அப்படிச் செய்தான் என்று யாரேனும் ஒரு மாணவன் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஒடிசியஸ் தன் படைக்கு உண்மையானவனே, அதை மறுப்பதற்கில்லை.

பொய் பலிக்கிறது. ஊர் கொண்டு சேர்ப்பான் என்று நம்பிய ஃபிலாக்டீட்டஸ், நோவு மேலிட்ட வேளையில் வில்லை இளைஞன் கையில் ஒப்படைத்துவிட்டு உறங்கிப் போகிறான். இதுவே தருணம், புறப்படுவோம் என்கின்றனர் மாலுமிகள். அவன் அசையவில்லை. விழித்தவனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஆயினும் வில்லைத் தரவில்லை. அறிந்த உண்மைக்கும் கை செய்யும் செயலுக்கும் இடையே அவன் தவிக்கும் அப்பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒடிசியஸ் வந்து அழைக்க, வில்லோடு போயும் விடுகிறான்.

சற்று நேரத்தில் விரைந்து திரும்பி வருகிறான். செய்த பிழையை அழிக்கப் போகிறேன் என்கிறான். பின்தொடர்ந்த ஒடிசியஸ், படை முழுவதும் உன்மேல் பாயும் என்று மிரட்டி வாளில் கை வைக்கிறான். இவனும் வைக்கிறான். ஒடிசியஸ் பின்வாங்குகிறான். ஆனால் அதனினும் கடினமானது அடுத்து வருகிறது: முன்பு ஏமாந்த ஃபிலாக்டீட்டஸ் இவன் சொல்லை இப்போது நம்ப மறுக்கிறான். சொல்லுக்கு மதிப்பில்லை என்றானபின், கைநீட்டி வில்லைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியேது? வில் கைக்கு வந்ததும் ஃபிலாக்டீட்டஸ் ஒடிசியசைக் குறிபார்க்க, இளைஞன் அக்கையைப் பிடித்துத் தடுக்கிறான். டிராய்க்கு வர அவன் மறுக்கவே, முன்பு பொய்யாகத் தந்த வாக்கை மெய்யாக்கி, ஊருக்கே அழைத்துச் செல்லவும் உடன்படுகிறான். வெற்றி, புகழ், தன் நாட்டின் பாதுகாப்பு எல்லாம் அதனால் போய்விடும் என்று அறிந்தே உடன்படுகிறான்.

அப்போது தெய்வநிலை எய்திய ஹெராக்ளீஸ் தோன்றி இருவரையும் டிராய்க்குச் செல்லப் பணிக்கிறான். இம்முடிவை ஏற்காத அறிஞர் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை; இளைஞன் தன் முடிவைத் தெய்வம் வருமுன்பே செய்துவிட்டான். வியப்பு வேறொன்றில் உள்ளது. டிராயை அழிக்கும்போது தெய்வங்களுக்குரியதைப் போற்றுங்கள் என்று ஹெராக்ளீஸ் எச்சரிக்கிறான். அரங்கிலிருந்த ஏதென்ஸ் மக்கள் பழங்கதையை அறிந்தவர்கள். முதிய மன்னன் பிரயாமை ஜீயசின் பலிபீடத்தருகே வெட்டிக் கொல்லப்போகிறவன் இதே நியாப்டாலமஸ்தான்.