கிறிஸ்டல் கண்ணாடியும் பேண்டேஜ் துணியும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி புண்ணைக் கட்டுவதற்கென்றே உருவானதாயினும், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வீடுகளின் அலமாரிகளில் உள்ள கிறிஸ்டல் குவளைகளைத் துடைக்க அதைவிடப் பொருத்தமான துணி கிடைப்பது அரிது. அதன் காரணத்தை அறியக் கண்ணாடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்வது சாதாரணக் கண்ணாடி. 1670களில் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் இந்த உருக்கில் ஈய ஆக்சைடைச் சேர்த்தார். இன்று ஐரோப்பிய விதிப்படி 24 விழுக்காடேனும் ஈய ஆக்சைடு இருந்தால்தான் ஒரு கலம் ஈயக் கிறிஸ்டல் எனப்படும். ஒளியை வளைக்கும் திறனை ஈயம் கூட்டுவதால்தான் பட்டை தீட்டிய விளிம்புகள் ஒளிர்கின்றன. அதே ஈயம் கண்ணாடியை மென்மையாக்கியும் விடுவதால், பித்தளைக்கு உகந்த சாம்பலும் தேங்காய் நாரும் இதன்மேல் கீறல்களையே விட்டுச்செல்லும்.

கீறலைவிட அன்றாடம் நேரும் கேடு நீரால் வருவது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. கழுவிய கலத்தைத் துடைக்காமல் கவிழ்த்து வைத்தால் நீர் ஆவியாகி, கரையாத கால்சியம் கார்பனேட் வெண்புள்ளிகளாகப் படிகிறது. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. அந்த அளவுக்கு உட்பட்ட நீரும் உலரும்போது தடம் பதிக்கவே செய்யும். இப்புள்ளிகள் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ கரைந்துவிடும். சலவைத்தூள், சோடா முதலிய காரப் பொருள்களை வெந்நீரில் கலந்து கழுவுவதால் வரும் மங்கலோ வேறு வகை. அது படிவன்று, கண்ணாடியின் சிலிக்கா வலைப்பின்னலே அரிக்கப்பட்டதன் அடையாளம், ஆதலால் எந்த அமிலமும் அதை மீட்காது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மங்கிய கலத்தை மேலும் காரம் இட்டுத் தேய்த்து முற்றிலும் பாழாக்குவது மிக வருந்தத்தக்கது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரும் சில துளி மென்மையான சோப்புக் கரைசலும் போதும்; கொதிநீர் பட்டால் உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறு அளவில் விரிந்து கலம் விரிசல் விடக்கூடும்.

எலுமிச்சைச் சாற்றையும் நெடுநேரம் விட்டுவைக்கலாகாது, ஏனெனில் அமிலம் ஈயத்தை வெளியே இழுக்கிறது. கிறிஸ்டல் குடுவையில் நான்கு மாதம் இருந்த போர்ட் ஒயினில் ஈயத்தின் அளவு லிட்டருக்கு 89 மைக்ரோகிராமிலிருந்து 3,518 ஆக உயர்ந்ததாக 1991இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஊறுகாய், சர்பத், மோர் ஆகிய எதையும் ஈயக் கிறிஸ்டலில் சேமித்து வைக்கவே கூடாது. ஈயத்துக்குப் பதிலாகப் பேரியம், துத்தநாகம் முதலியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்த புதிய வகைகளில் இந்த ஆபத்து இல்லை.

புள்ளி விழாமல் தடுக்கும் வழி, நீர் உலருமுன் அதை உறிஞ்சி எடுப்பதே. பருத்தி இழையின்மேல் இயற்கையாக உள்ள மெழுகு நீரை விலக்குகிறது. தறியில் பாவுநூல் அறாதிருக்க ஏற்றும் கஞ்சியும் உறிஞ்சலைக் குறைக்கிறது. நெய்த துணியிலிருந்து கஞ்சியை நீக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை அகற்றி வெளுத்தபின், எஞ்சும் செல்லுலோஸ் நீரை உடனே ஈர்த்துக்கொள்கிறது. இவ்வாறு பக்குவப்படுத்திய மருத்துவப் பஞ்சு பத்து விநாடிக்குள் நீரில் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தரநூல்களின் சோதனை. பேண்டேஜ் துணியின் நெசவு இடைவெளி மிக்கதாகையால் அதைப் பல மடிப்பாக மடித்து, பிசிறுள்ள ஓரங்களை உள்ளே தள்ளி, குவளையின் கிண்ணப் பகுதியைத் தாங்கிப் பிடித்துத் துடைக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் திருகினால் அது ஒடிந்துவிடும். பயன்படுத்திய துணியைத் துவைக்கும்போது கஞ்சியோ துணியை மென்மையாக்கும் திரவமோ சேர்த்தால், ஆலையில் நீக்கிய படலத்துக்கு ஒப்பான ஒன்று இழைமேல் மீண்டும் ஏறி, அடுத்த முறை கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும்.